நாய்க்கு உண்ணி பிடுங்கி ஓய்ஞ்சு போயிட்டீங்களா? செவுத்தையும் பாருங்க

ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து உண்ணிய பிடுங்குவோம், நாலு நாள்ல மறுபடி காதுக்குள்ள கொத்தா நிக்கும். எங்க நாய் மணிக்கு ரெண்டு வருஷம் இப்படித்தான் பண்ணிட்டு இருந்தேன். நாய் மேல நாம பாக்குறது கொஞ்சம்தாங்க, மீதி எல்லாம் வீட்டுல இருக்கு. நம்ம ஊர் நாய்ங்களுக்கு வர்ற பிரவுன் உண்ணி வீட்டுக்குள்ளயே பெருகுற ஜாதி, ரத்தம் குடிச்சு ஆமணக்கு கொட்ட மாதிரி உப்புன பொட்ட உண்ணி கீழ விழுந்து, செவுத்துல ஏறி, ஏதாவது விரிசல்ல போய் 4000 முட்ட வரைக்கும் போட்டுட்டு செத்துரும். பொரிஞ்சு வர்ற குஞ்சுக்கு ஆறு கால்தான், கடுக விட சின்னது, அது நாய் மேல ஏறி குடிக்கும், இறங்கி தோல் உரிக்கும், மறுபடி ஏறும், இப்படி மூணு தடவ.

அதனால மொதல்ல செவுரு. நாய் படுக்குற இடத்த சுத்தி டார்ச் அடிச்சு பாருங்க, கதவு நிலை இடுக்கு, டைல்ஸ் ஓரம், செருப்பு ஸ்டாண்டு பின்னாடி, தலைக்கு மேலயும் பாருங்க ஏன்னா இதுங்க மேல ஏறுற பழக்கம் உள்ளதுங்க. எங்க வீட்டுல மாடிப்படி அடியில பழைய சாக்கு கெடந்துச்சு, தூக்குனா அப்படியே ஊருது. விரிசல எல்லாம் வெள்ளை சிமெண்ட் வச்சு அடைங்க, நாய் படுக்குற துணிய வாரம் ஒரு தடவ கொதிக்கிற தண்ணில போட்டு நல்ல வெயில்ல காய வைங்க. ஸ்ப்ரே மருந்து டாக்டர் சொல்ற அளவுல கலந்து அடிங்க, காயுற வரைக்கும் நாய உள்ள விடாதீங்க, ஒரு தடவையோட விட்டுறாதீங்க, முட்ட பின்னாடி பொரியும், அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி அடிக்கணும். வீட்டுல பூனை இருந்தா பெர்மெத்ரின் இருக்கிற நாய் மருந்து வேணவே வேணாம், பூனை செத்துரும்.

பிடுங்குறப்ப கையில கிளவுஸ் போட்டுக்கோங்க. ட்வீசர தோல ஒட்டி வச்சு நேரா இழுங்க, திருகாதீங்க. மண்ணெண்ணெய் தடவுறது, தீக்குச்சி காட்டுறது எல்லாம் தயவுசெஞ்சு வேணாம், நாய்க்கு தோல் வெந்து போகும் பாவம். பிடுங்குனத நகத்துல நசுக்காம சோப்பு தண்ணில போடுங்க. காது, கழுத்துப் பட்டைக்கு அடியில, அக்குள், விரல் இடுக்கு, வாலுக்கு அடியில, இங்கெல்லாம் டெய்லி சாயங்காலம் அஞ்சு நிமிஷம் தடவி பாத்தா போதும்.

உண்ணி மாத்திரைல மாசம் ஒண்ணு குடுக்கிறதும் இருக்கு, ஃப்ளூராலனர் மாதிரி 12 வாரம் தாங்குறதும் இருக்கு. காசு கூடதான், ஆனா கடிக்கிற உண்ணி தானா செத்துரும். நாயோட வெயிட் பாத்துதான் குடுக்கணும், வலிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட அத மொதல்லயே சொல்லிருங்க, கடையில கேட்டு நீங்களா வாங்கி போடாதீங்க.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, மணி ஒரு வாரம் சரியா சாப்பிடல, வெயிலுக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் மூக்குல ரத்தம். ரத்தம் டெஸ்ட் பண்ணா ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்க வேண்டிய பிளேட்லெட் (ரத்தத்த உறைய வைக்கிற அணு) 18 ஆயிரம்தான் இருந்துச்சு, உண்ணி கடியில வர்ற எர்லிக்கியா காய்ச்சல். சோர்வு, காய்ச்சல், ஈறு வெளுத்துப் போறது, வயித்து தோல்ல செவப்பு புள்ளி, இதுல எது இருந்தாலும் அன்னிக்கே ரத்தம் டெஸ்ட் எடுத்துருங்க, பக்கத்துல கவர்மெண்ட் கால்நடை ஆஸ்பத்திரி இருந்தா அங்க போங்க, சென்னைல இருக்கிறவங்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. இதுக்கு டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை வழக்கமா 28 நாள் குடுப்பாங்க. நாலாம் நாளே மணி வாலாட்டிட்டு சோறு தின்ன ஆரம்பிச்சுட்டான், சரியாயிருச்சுன்னு மாத்திரைய நிறுத்திறாதீங்க, கிருமி உள்ளயே தங்கிரும். சோத்தோட சேத்து குடுங்க, வெறும் வயித்துல குடுத்தா வாந்தி எடுக்கும். கோர்ஸ் முடிஞ்சதும் பிளேட்லெட் இன்னொரு தடவ பாக்கணும்.