பைடெஸ்ட்டில் திடீர் எச்சரிக்கைகளா? இப்படித் தேடிப் பாருங்கள்

நிரல் தனியாக ஓடும்போது சத்தமே இல்லை. அதையே பைதான் நிரல்களைச் சோதிக்கும் கருவியான பைடெஸ்ட்டில் ஓட்டினால் எல்லா டெஸ்ட்டும் பாஸ், ஆனால் கீழே மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கைகள். புதிதாகக் கற்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். பழைய வசதி ஒன்றைப் பயன்படுத்தினால் பைதான் டிப்ரிகேஷன் வார்னிங் எழுப்பும், ஆனால் பெரும்பாலும் அதைக் காட்டாது. பைடெஸ்ட் காட்டிவிடும்.

முதலில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் பாருங்கள். பாதையில் 'சைட் பேக்கேஜஸ்' என்று இருந்தால் அது வேறொருவரின் லைப்ரரி. அதைப் புதுப்பித்தாலே பல நேரம் சரியாகிவிடும். எங்கிருந்து வருகிறது என்று பிடிபடவில்லையா? கட்டளையில் மைனஸ் குறி, பெரிய எழுத்து டபிள்யூ, பிறகு 'எரர்' என்று சேர்த்து ஓட்டுங்கள். எச்சரிக்கை பிழையாக மாறி, எந்த வரி எதை அழைத்தது என்று காட்டும் முழு ட்ரேஸ்பேக்கும் கிடைக்கும்.

'அன்நோன் மார்க்' என்று வந்தால், டெஸ்ட்டுக்கு நீங்கள் வைத்த அடையாளப் பெயர் பைடெஸ்ட்டுக்குத் தெரியவில்லை என்று பொருள். அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பைடெஸ்ட் அமைப்புக் கோப்பில், 'மார்க்கர்ஸ்' பகுதியில் அந்தப் பெயரைப் பதிவு செய்யுங்கள். அவ்வளவுதான்.

நிதானமாகப் பார்க்க வேண்டியது 'யூடிசிநவ்' எச்சரிக்கை. யூடிசி, அதாவது உலகப் பொது நேரத்தில் இப்போது மணி என்ன என்று தரும் பழைய ஃபங்ஷன் அது. பைதான் 3.12 முதல் இந்த எச்சரிக்கை வருகிறது. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தரும் நாளை நினைவூட்டும் சிறு நிரல் ஒன்றை எழுதியிருக்கிறீர்கள், இன்றைய தேதியை யூடிசிநவ் மூலம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் நேரம் யூடிசியைவிட 8 மணி நேரம் முந்தியது. இங்கே ஜூன் 10 காலை 7 மணி என்றால் யூடிசியில் ஜூன் 9 இரவு 11 மணி. காலை எட்டு மணிக்கு முன் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து ஓட்டினால் டெஸ்ட் ஃபெயில். அலுவலகம் போய் ஓட்டினால் பாஸ்!

எச்சரிக்கை சொல்கிறபடி 'நவ்' ஃபங்ஷனுக்கு யூடிசியைக் கொடுத்தால் மஞ்சள் எழுத்து மறைந்துவிடும். ஆனால் தேதி இன்னமும் தப்புதான். நமக்கு வேண்டியது இங்குள்ள தேதி. அதனால் நேர மண்டலங்களுக்கான ஜோன்இன்ஃபோவில் 'ஏசியா/சிங்கப்பூர்' என்று கொடுங்கள். இது பைதான் 3.9 முதல் கூடவே வருகிறது. விண்டோஸில் 'டிஇசட்டேட்டா' பேக்கேஜையும் நிறுவ வேண்டியிருக்கும். அப்புறம், நேரத்தை ஃபங்ஷனுக்கு வெளியிலிருந்து அனுப்புங்கள். காலை 7 மணிக்கு ஒரு டெஸ்ட், 9 மணிக்கு ஒரு டெஸ்ட் என்று இரண்டையும் எழுதிவிடலாம்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் மிஞ்சுவது அடுத்தவர் லைப்ரரியின் எச்சரிக்கை என்றால் மட்டும் அடக்குங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் அடக்குவதை நான் கட்டாயம் எதிர்க்கிறேன், நாளைக்கு வரும் நல்ல எச்சரிக்கையும் அதோடு போய்விடும். அமைப்புக் கோப்பின் 'ஃபில்டர்வார்னிங்ஸ்' பகுதியில் முதல் வரியில் 'எரர்' என்று எழுதுங்கள். அதற்குக் கீழே, 'இக்னோர்' என்று தொடங்கி அந்த எச்சரிக்கையின் வாசகத்தையும் வகையையும் குறிப்பிடுங்கள். வரிசை முக்கியம்: ஒன்றுக்கு மேற்பட்ட விதிகள் பொருந்தினால் கடைசியில் இருப்பதைத்தான் பைடெஸ்ட் எடுத்துக்கொள்ளும்.