இணைப்பு அறுந்தால் ஒரே ஒரு அலர்ட் போதும்

செங்கோட்டை, புளியரை போன்ற எல்லையோரக் கிளைகளின் சர்வர்களைத் தென்காசியிலிருந்து நாகியாஸ் என்ற மென்பொருள் மூலம் கண்காணிப்பவர்கள், கிளையின் ஒவ்வொரு கருவிக்கும் அதற்கு முன்னால் உள்ள ரவுட்டரை அமைப்புக் கோப்பின் 'பேரண்ட்ஸ்' வரியில் குறிப்பிட்டு, 'அன்ரீச்சபிள்' (எட்ட முடியாத) நிலைக்கான அறிவிப்பை நிறுத்திவிடுவது மிகவும் நல்லது. தென்மேற்குப் பருவக்காற்றில் மரக்கிளை முறிந்து கேபிள் அறுந்தால், ரவுட்டர் மட்டுமே 'டவுன்' என்று பதிவாகும். அதன் பின்னால் இருக்கும் சர்வர், சுவிட்ச், பிரிண்டர் அனைத்தும் எட்ட முடியாதவையாகக் கருதப்படுவதால், நள்ளிரவில் கைப்பேசிக்கு ஒரே செய்திதான் வரும், எங்கே பழுது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். ஸாபிக்ஸ் என்ற மற்றொரு கண்காணிப்பு மென்பொருளில் இதே வேலையை, ஒரு எச்சரிக்கையை இன்னொன்றைச் சார்ந்ததாக வைக்கும் 'ட்ரிகர் டிபெண்டன்சி' செய்கிறது. கிளைக்கு இரண்டு இணைப்புகள் இருந்தால் நாகியாஸின் 'பேரண்ட்ஸ்' வரியில் இரண்டு ரவுட்டர்களையும் எழுத வேண்டும். கண்காணிக்கும் சர்வரே அந்தக் கிளைக்குள் இருந்தால் இம்முறை பொருந்தாது. அங்கே இணைப்பு அறுந்ததும், வேறு வழி வைத்திருந்தாலன்றி, அலர்ட்டே வெளியே போகாது.