தோரியம் ஈயமாவது எப்படி? தாளில் போட்டுப் பார்ப்போம்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் கனிமத்தில் தோரியம்-232 இருக்கிறது. அது படிப்படியாகச் சிதைந்து கடைசியில் ஈயம்-208 ஆகிறது. கதிரியக்கச் சிதைவைப் பழக இது அருமையான கணக்கு. ஒரு தாளும் தனிம வரிசை அட்டவணையும் போதும்.

தாளில் தனிமம், நிறை எண், அணு எண் என்று மூன்று கட்டம் போடுங்கள். முதல் வரி: தோரியம், 232, 90. நிறை எண் என்பது அணுக்கருவில் உள்ள புரோட்டான், நியூட்ரான் இரண்டும் சேர்ந்த எண்ணிக்கை; தனிமத்தின் பெயருக்குப் பின்னால் வரும் எண் இதுதான். அணு எண் என்பது புரோட்டான்களின் எண்ணிக்கை. தனிமம் எது என்பதை முடிவு செய்வது அது மட்டுமே.

தோரியம்-232 ஆல்ஃபா துகளை உமிழ்கிறது. இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் ஒன்றாக வெளியேறும். நிறை எண்ணில் 4, அணு எண்ணில் 2 கழியுங்கள்: 228, 88. அட்டவணையில் 88 ரேடியம்.

ரேடியம்-228 பீட்டா முறையில் சிதையும், அதாவது ஓர் எலக்ட்ரானை உமிழும். பலரும் தப்பு செய்யும் இடம் இதுதான். எலக்ட்ரான் வெளியே போகிறதே என்று ஒன்றைக் கழித்து 87 என எழுதிவிடுவார்கள். அது அணுவைச் சுற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரான் அல்ல. அணுக்கருவில் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது பிறப்பது. ஆகவே புரோட்டான் ஒன்று கூடும்: 89, ஆக்டினியம். நிறை எண் அதே 228. ஆக்டினியமும் பீட்டாதான்: 90. மறுபடி தோரியம்! முதலில் இருந்த தோரியம்-232இன் அரை ஆயுட்காலம், அதாவது அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 1,405 கோடி ஆண்டுகள். இந்தத் தோரியம்-228க்கு 1.9 ஆண்டுதான். நான்கு நியூட்ரான் குறைந்ததற்கே இவ்வளவு வித்தியாசம்.

அடுத்து வரிசையாக நான்கு ஆல்ஃபா: ரேடியம்-224, ரேடான்-220, பொலோனியம்-216, ஈயம்-212. இதில் ரேடான் வாயு. தோரியத்திலிருந்து வரும் இந்த வாயு எதனோடும் வினைபுரியாததைக் கண்டு, இது தோரியமே அல்ல என்று புரிந்துதான், ஒரு தனிமம் இன்னொன்றாகிறது என்பதை 1901-ல் கனடாவின் மாண்ட்ரியலில் விஞ்ஞானிகள் ரூதர்ஃபோர்டும் சாடியும் உணர்ந்தார்கள்.

ஈயம் வந்துவிட்டதே என்று நிறுத்திவிடாதீர்கள். ஈயம்-212 நிலையற்றது, அரை ஆயுட்காலம் 10.6 மணி. 21.2 மணியில் முழுதும் தீர்ந்துவிடாது. கால் பங்கு மிஞ்சும். 31.8 மணியில் அரைக்கால் பங்கு.

அது பீட்டா உமிழ்ந்து பிஸ்மத்-212 ஆகும். அங்கே பாதை பிரிகிறது. நூறு அணுவில் சுமார் 64 முதலில் பீட்டா உமிழ்ந்து பொலோனியம்-212 ஆகி, பிறகு ஆல்ஃபா உமிழும். மீதி 36 முதலில் ஆல்ஃபா உமிழ்ந்து தாலியம்-208 ஆகி, பிறகு பீட்டா உமிழும். எந்த வழியில் போனாலும் முடிவு 208, 82.

இப்போது சரிபாருங்கள். 232-லிருந்து 208 போனால் 24. நான்கால் வகுத்தால் 6 ஆல்ஃபா. ஆறு ஆல்ஃபா 12 புரோட்டானைக் கொண்டுபோனால் 90 என்பது 78 ஆகும். அது 82 ஆக 4 பீட்டா வேண்டும். உங்கள் கடைசி வரியில் நிறை எண் 208 சரியாக இருந்து, அணு எண் மட்டும் 80 என்று நின்றால், ஏதோ ஒரு பீட்டா வரியில் கூட்டுவதற்குப் பதில் கழித்திருப்பீர்கள்.