ஐந்தாம் மாதத்திலிருந்து பிரசவம் வரை: சிங்கப்பூரில் முதல் குழந்தைக்குத் தயாராவது எப்படி?

ஐந்தாம் மாதம் தாண்டிவிட்டால் முதல் பிள்ளைக்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. எக்ஸ்போவில் குழந்தைப் பொருள் விற்பனை என்று கேள்விப்பட்டால் தள்ளுவண்டி பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர். முதலில் ஆள், அடுத்தது காகிதம், சாமான் கடைசியில். டயப்பர் தீர்ந்துபோனால் இரவு பத்து மணிக்குக்கூட வாங்கி வந்துவிடலாம். பிள்ளை பிறந்த நான்காம் நாள், தையல் வலியோடு உட்கார்ந்திருக்கும்போது ஒரு வாய் ரசம் சோறு கொடுக்க ஆள் வேண்டுமென்றால், அதை இப்போதே ஏற்பாடு செய்தால்தான் உண்டு.

படி 1: 18 முதல் 28 வாரம் வரை, பரிசோதனைகள்

18 முதல் 22 வாரத்துக்குள் குழந்தையின் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பார்க்கும் பெரிய ஸ்கேன் இருக்கும். ஆணா பெண்ணா என்று இங்கே கேட்டால் சொல்வார்கள். இந்தியாவில் அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்பதால், ஊரிலிருக்கும் பெரியவர்கள் தொலைபேசியில் கேட்டு வியந்துபோவார்கள்.

16 முதல் 32 வாரத்துக்குள் கக்குவான் இருமல் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கர்ப்பத்திலும் புதிதாகப் போட வேண்டிய ஊசி இது. தாய்க்குள் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேரும். பிறந்த பிறகு இரண்டாம் மாதத்தில் அதன் சொந்த ஊசி தொடங்கும் வரை அதுதான் பாதுகாப்பு. சளிக்காய்ச்சல் ஊசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

24 முதல் 28 வாரத்தில் சர்க்கரைச் சோதனை. இரவு முழுக்கச் சாப்பிடாமல் போய், 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, குடிப்பதற்கு முன்பும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்தும் இரத்தம் கொடுக்க வேண்டும். இந்தியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம், அதனால் தட்டிக்கழிக்காதீர்கள். சர்க்கரை இருக்கிறது என்று வந்தால் பயந்து சோற்றை அடியோடு நிறுத்த வேண்டாம். உணவியல் நிபுணர் அளவு சொல்வார். “ரெண்டு உசுருக்குச் சாப்பிடு” என்று தட்டை நிரப்பும் அத்தைகளைச் சமாளிப்பதுதான் அதைவிடக் கஷ்டம்.

இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடும் காப்பியோடும் விழுங்கினால் உடம்பில் சேராது. எலுமிச்சைச் சாற்றோடு போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கு வேறு நேரம் ஒதுக்குங்கள். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுத்துத் தூங்கப் பழகுங்கள்.

படி 2: முதல் நாற்பது நாளுக்கு ஆள்

இதற்குத்தான் அதிக யோசனை தேவை. உங்கள் முன் நாலு வழிகள் இருக்கின்றன: ஊரிலிருந்து அம்மாவோ மாமியாரோ வருவது, பிரசவத்துக்குப் பின் தாயையும் பிள்ளையையும் கவனித்துக்கொள்ளும் ‘பிரசவம் பார்க்கும் அம்மா’வை மலேசியாவிலிருந்து அமர்த்துவது, பணிப்பெண், கணவரின் விடுப்பு. பெரும்பாலான வீடுகளில் இவற்றில் இரண்டு சேர்ந்தால்தான் ஓடும்.

அம்மா இந்தியாவிலிருந்து வருவதானால் விசா வேண்டும். வந்திறங்கியதும் கிடைக்கும் தங்கும் நாள்கள் பெரும்பாலும் 30தான். நீட்டிக்க விண்ணப்பிக்கலாம், ஆனால் கிடைத்தே தீரும் என்று சொல்ல முடியாது. அதனால் 36ஆம் வாரத்திலேயே அவரை வரவழைத்துவிட்டு, குழந்தை 40ஆம் வாரம் பிறந்தால், பிள்ளைக்கு ஒரு வாரம்கூட ஆகாத நிலையில் அவர் பெட்டி கட்ட வேண்டியிருக்கும். குறித்த தேதியை ஒட்டி வரச்சொல்லுங்கள். முன்கூட்டியே வலி வந்துவிட்டால் அம்மா வரும்வரை கணவர் பார்த்துக்கொள்ளட்டும். சிங்கப்பூர் வந்திறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

பிரசவம் பார்க்கும் அம்மாவுக்கென்று மனிதவள அமைச்சு தனி வேலை அனுமதி தருகிறது. மலேசியர்களுக்கு மட்டும்தான், குழந்தை பிறந்ததிலிருந்து 16 வாரம் வரை செல்லும். ஜொகூரிலிருந்து வரும் நல்ல தமிழ்ப் பெண்மணிகள் இருக்கிறார்கள். பெயர்பெற்றவர்களை ஆறாம் மாதத்திலேயே பேசி வைத்துவிட வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவரைச் சம்பளத்துக்கு வைக்காதீர்கள், அது சட்டவிரோதம். பணிப்பெண் என்றால், குழந்தை சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றதாக இருக்கும்போது நீங்கள் அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60 வெள்ளி. ஆள் வந்து, வீட்டைப் பழகி, நம் சமையல் பிடிபட இரண்டு மாதமாவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாக்களே, உங்கள் பங்குக்கு: 2025 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குடிமக்கள் குழந்தைகளுக்குத் தந்தையர் விடுப்பு நான்கு வாரம், முதலாளி மறுக்க முடியாது. பெற்றோர் இருவரும் பகிர்ந்துகொள்ளும் விடுப்பு அதற்கு மேல் தனி. 2026 ஏப்ரல் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அது 10 வாரம். நான்கு வாரம் முன்னதாக அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். அம்மாவின் 30 நாளும் உங்கள் விடுப்பும் ஒரே நேரத்தில் கரைந்துபோகாமல் பிரித்துப்போடுங்கள்.

ஆள் முடிவானதும் அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். பிள்ளை பிறந்த பிறகு பேசினால் சண்டையில் முடியும். நாக்கில் தேன் தடவும் சேனை வேண்டாம். ஒரு வயது வரை தேனே கூடாது, அதிலுள்ள கிருமி குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கலாம். கண்ணுக்குள் மை, மூக்கில் எண்ணெய், தொப்புளில் பவுடர் மூன்றும் வேண்டாம். “நாங்கள்லாம் இப்படித்தாம்மா வளத்தோம்” என்று பதில் வரும். “டாக்டர் வேண்டாங்கிறார்மா” என்று பழியை மருத்துவர் மேல் போட்டுவிட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டும் பத்தியச் சமையலும் முழுக்க அவர் பொறுப்பு என்று விட்டுக்கொடுங்கள். பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, மிளகு ரசம் என்று சமையலறை அவர் கைக்குப் போனதும் பாதி வருத்தம் தீர்ந்துவிடும். பால்சுறாவுக்குத் தேக்கா ஈரச்சந்தைக்குக் காலையிலேயே போங்கள். லேகியமும் காய மருந்தும் வாங்கினால் தாய்ப்பால் கொடுக்கும்போது சாப்பிடலாமா என்று மருத்துவரிடம் பொட்டலத்தைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

படி 3: காகிதமும் பணமும்

அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். தனியாரிடம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதை இன்றே யோசியுங்கள். கேகே மருத்துவமனையிலேயே தனிக்கட்டண நோயாளிக்கும் மானிய நோயாளிக்கும் கட்டணத்தில் வித்தியாசம் அதிகம். பிரசவத்துக்கு முந்தைய செலவுகளுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து 900 வெள்ளி வரை எடுக்கலாம். அதற்காக ஒவ்வொரு பரிசோதனை ரசீதையும் ஓர் உறையில் போட்டு வையுங்கள்.

குழந்தை குடியுரிமை பெற்றதாக இருந்து, பெற்றோர் சட்டப்படி திருமணமானவர்களாக இருந்தால் முதல் பிள்ளைக்குக் குழந்தை போனஸ் ரொக்கம் 11,000 வெள்ளி. மொத்தமாக வராது, ஆறரை வயது வரை தவணை தவணையாக வரும். பிள்ளை மேம்பாட்டுக் கணக்கில் அரசு முதலில் 5,000 வெள்ளி போடும். அதன்பின் நீங்கள் சேமிக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் ஈடாக 4,000 வெள்ளி வரை அரசும் போடும். பிள்ளை பிறப்பதற்கு முன்பே இணையத்தில் சேர்ந்து, கணக்கு எந்த வங்கியில் என்பதையும் முடிவு செய்துவிடலாம்.

வேலைக்குப் போகும் தாய்மார்களுக்கு, குழந்தை குடிமகனாக இருந்தால் 16 வாரச் சம்பள விடுப்பு. பிரசவத்துக்கு முன் மூன்று மாதமாவது அந்த நிறுவனத்தில் இருந்திருக்க வேண்டும். விடுப்பு முடிந்ததும் சிசு பராமரிப்பு நிலையத்தில் விடப்போகிறீர்கள் என்றால், இப்போதே வீட்டுப் பக்கத்தில் நாலு இடம் போய்ப் பாருங்கள். இரண்டு மாதக் குழந்தையிலிருந்து சேர்ப்பார்கள், ஆனால் இடம் குறைவு.

பிறப்பை 42 நாளுக்குள் பதிய வேண்டும். அரசின் லைஃப்எஸ்ஜி செயலியில் உங்கள் சிங்பாஸ் இணைய அடையாளத்தை வைத்து வீட்டிலிருந்தே முடித்துவிடலாம், கட்டணம் 18 வெள்ளி. 2022 மே 29 முதல் சான்றிதழ் மின்வடிவில்தான் வருகிறது. பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ பெயர் வைக்கும் வீடுகளுக்கும் இந்த அவகாசம் போதும். எண்கணிதக்காரர் ஆங்கில எழுத்தில் ஓர் ‘ஏ’யைக் கூட்டுவார், தாத்தா ஒன்றைக் குறைப்பார். அந்த வழக்கு பதிவுக்கு முன்பே தீர்ந்துவிடட்டும்.

கணவன் மனைவி இருவரும் வேலை அனுமதியில் இருக்கும் இந்தியக் குடிமக்களா? உங்களுக்குக் குழந்தை போனஸ் கிடையாது. இங்கே பிறந்ததால் மட்டும் பிள்ளைக்குக் குடியுரிமையும் வராது. பிறப்புச் சான்றிதழ் கைக்கு வந்ததும் இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து கடவுச்சீட்டு எடுத்து, பிள்ளைக்கான அனுமதிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். தந்தை பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று முடிவு செய்துவிட்டு எல்லாப் படிவத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

படி 4: வளைகாப்பு

ஏழாம் மாதம் இங்கேயே வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. ஊருக்குப் போவதானால் 28 வாரத்துக்கு முன் போய்த் திரும்புங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 29ஆம் வாரத்திலிருந்து மருத்துவச் சான்று கேட்கும். ஒற்றைப் பிள்ளையாக இருந்தாலும் 36 வாரத்துக்கு மேல் ஏற்றாது. கை வீங்கும் மாதம் இது, மோதிரத்தை இப்போதே கழற்றி வைத்துவிடுங்கள்.

படி 5: 30 வாரத்துக்குப் பிறகு சாமான்

வெயிலும் புழுக்கமும் உள்ள ஊர் இது. முன்பக்கம் கட்டும் மெல்லிய பருத்திச் சட்டை எட்டு, துண்டு, துணிவிரிப்பு, மிகச் சிறிய அளவு டயப்பர் ஒரு பொதி, நீர் புகாத விரிப்பு. ஆரம்பத்துக்கு இது போதும். டயப்பர் நாளைக்கு எட்டு பத்து ஆகத்தான் செய்யும், ஆனால் பிள்ளை மூன்றரைக் கிலோவில் பிறந்துவிட்டால் சிறிய அளவு சீக்கிரம் பற்றாமல் போகும். பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்காதீர்கள்.

பழைய துணியில்தான் கவனம் வேண்டும். அக்கா பிள்ளை போட்ட சட்டை, தூளி கட்ட அம்மாச்சியின் நூல் புடவை எல்லாம் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்து வந்திருக்கும். பிரித்ததும் மூக்கில் ஏறுமே, அந்த வாடை நாப்தலின். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு அதைச் சுவாசித்தாலே சிவப்பணுக்கள் உடைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்திலேயே இந்தக் குறைபாட்டைச் சோதிப்பதற்குக் காரணம் அதுதான். முடிவு வரும்வரை காத்திருக்காமல், எட்டாம் மாதமே வீட்டிலுள்ள உருண்டைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, துணிகளைத் துவைத்து, வாடை முழுக்கப் போகும்வரை வெயிலில் காயப்போடுங்கள். வாடை போகாத துணி எவ்வளவு ராசியானதாக இருந்தாலும் குழந்தைக்கு வேண்டாம்.

தூங்குவதற்குத் தட்டையான, கெட்டியான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, பக்கத்தில் முட்டுக்கொடுக்கும் திண்டு, பொம்மை எதுவும் கூடாது. தூளியில் ஆட்டித் தூங்க வைப்பது நம் வீடுகளில் விடாது, எனக்கும் பிடித்தது. ஆனால் பிள்ளை தூளியில் இருக்கும்போது ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். தூங்கியதும் மெத்தைக்கு மாற்றுங்கள்.

சொந்தக் காரிலோ கிராப் போன்ற தனியார் வாடகை காரிலோ குழந்தைக்கு ஏற்ற இருக்கை சட்டப்படி கட்டாயம். டாக்சிக்கு விலக்கு உண்டு. இருந்தாலும் இருக்கையில் வைத்துக் கொண்டுவருவதுதான் பாதுகாப்பு.

படி 6: 36ஆம் வாரம், பை

35 முதல் 37 வாரத்தில் ‘ஜிபிஎஸ்’ கிருமிக்காகப் பஞ்சில் மாதிரி எடுப்பார்கள். கிருமி இருந்தால் பிரசவ வலியின்போது மருந்து ஏற்றுவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. பையில் இருவரின் அடையாள அட்டை, திருமணச் சான்றிதழ், முன்பதிவுக் கடிதம், முன்பக்கம் திறக்கும் இரண்டு நைட்டி, பெரிய நாப்கின், நீளமான சார்ஜர் கம்பி, குழந்தைக்கு ஒரு சட்டை, ஒரு போர்வை. மற்றது மருத்துவமனையில் என்னென்ன கொடுப்பார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள். கணவருக்கு ஒரு ஸ்வெட்டர்; பிரசவ அறையின் குளிரில் நடுங்கப்போவது அவர்தான்.

படி 7: எப்போது கிளம்புவது

முதல் பிரசவத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்து, அப்படியே ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்பலாம். பனிக்குடம் உடைந்தால் வலியில்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குளிக்கக்கூட நிற்காதீர்கள். இரத்தப்போக்கு, கண் மங்கலோடு கடும் தலைவலி இவற்றுக்கும் அப்படித்தான். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தால் “காலையில் பார்க்கலாம்” என்று படுக்காமல் அன்றைக்கே போங்கள். இரத்தம் கொட்டினாலோ மயக்கம் வந்தாலோ 995ஐக் கூப்பிடுங்கள்.

வீடு திரும்பும் முன் தாதியிடம் ஒன்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: மஞ்சள் காமாலைச் சோதனைக்கு எந்த நாள், எந்தப் பலதுறை மருந்தகம், முன்பதிவு வேண்டுமா. இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். அளவு கூடியிருக்கிறதா என்று சோதனையில்தான் தெரியும், கூடியிருந்தால் மருத்துவமனையின் நீல விளக்குச் சிகிச்சைதான் வேண்டும்.