புதுசா ரத்தக்காட்டேரியான ஹீரோயினை வச்சு நாவல் எழுதறீங்களா, இந்தத் தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

நான் படிச்ச இந்த மாதிரி கதைகள்ல பாதிக்கு மேல ஒரே இடத்துல சறுக்குது. ஹீரோயினை யாரோ கடிக்கிறாங்க, மயங்கி விழுறா, கண்ணு முழிக்கிறா, அடுத்த அத்தியாயத்துலயே நாலு மாடி தாவி அஞ்சு பேரை அடிச்சுப் போடுறா. அட, புதுசா மாறினவங்கறதுதானே கதையே, அதை ரெண்டே பக்கத்துல முடிச்சுட்டா அப்புறம் 300 வருஷமா காட்டேரியா இருக்கிற ஒருத்தனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்?

24 வருஷம் ஒரு உடம்போட பழகினவ அவ. ராத்திரி தலையணைல காதை வச்சுப் படுத்தா தன்னோட இதயத்துடிப்பு லேசா கேக்கும்ல, அது இப்ப கேக்கல. பக்கத்து வீட்டுக்காரரோட துடிப்பு சுவரைத் தாண்டி கேக்குது. தினமும் காலைல காபி இல்லாம இருக்க முடியாதவளுக்கு இப்ப அந்த வாசனையே குமட்டுது. இன்னொரு விஷயம் நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, நாம பேசறதே நுரையீரல்ல இருந்து வர்ற காத்து குரல்நாண்ல படறதாலதான், அப்ப மூச்சு விடாத உடம்புன்னு வச்சுட்டீங்கன்னா அவ பேசணும்னா ஞாபகமா மூச்சை இழுத்தாகணும், புதுசுங்கறதால மறந்துடுவா, வாக்கியத்துக்கு நடுவுல குரல் நின்னுடும். அம்மாகிட்ட போன்ல பேசறப்ப அப்படி நின்னா அம்மா என்ன நினைப்பாங்க? பத்து சண்டை சீன் தராத பயத்தை இந்த ஒரு சீன் தரும். அதே மாதிரி இதயம் துடிக்கலன்னு மூணாவது பக்கத்துல எழுதிட்டு முப்பதாவது பக்கத்துல "வெக்கத்துல கன்னம் சிவந்தது"ன்னு எழுதாதீங்க, ரத்தம் ஓடாம கன்னம் எப்படி சிவக்கும்.

அடுத்தது விதிகள். வெயில் பட்டா காட்டேரி எரிஞ்சு சாம்பலாகும்கறது ஏதோ ஆதிகாலத்து சட்டம்னு நினைச்சுக்கிறாங்க. 1897ல வந்த 'டிராகுலா' நாவல்ல டிராகுலா லண்டன்ல பட்டப்பகல்ல நடந்து போவான், பகல்ல அவனோட சக்திதான் குறையும், எரிய மாட்டான். சூரிய ஒளிதான் சாவுங்கறது 1922ல வந்த 'நோஸ்ஃபெராட்டு'ங்கற ஜெர்மன் மௌனப் படத்துக்கு அப்புறம்தான் கெட்டியா ஒட்டிக்கிச்சு. அதனால உங்க கதைல வெயில் என்ன பண்ணும்னு முடிவு பண்ற உரிமை முழுசா உங்களுது. ஆனா முடிவு பண்ணிட்டா அதுல நில்லுங்க. 4வது அத்தியாயத்துல ஒரு கீத்து வெளிச்சம் பட்டு விரல் வெந்துபோனவ 20வது அத்தியாயத்துல ஹீரோவைக் காப்பாத்த வெயில்ல ஓடி வந்தா, அதுக்கான விலை அவ உடம்புல தெரியணும், "காதலோட சக்தி"ன்னு சொல்லித் தப்பிக்கக் கூடாது. அப்புறம் கூர்மையான வாசகர் ஒருத்தர் கண்டிப்பா கேப்பாரு, நிலா வெளிச்சமும் சூரிய வெளிச்சம்தானே, பட்டுத் திரும்பி வருதுன்னு. பதில் கதைல வராட்டியும் பரவால்ல, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்.

கண்ணாடி விஷயமும் இப்படித்தான். வெள்ளி காட்டேரிக்கு ஆகாது, கண்ணாடிக்குப் பின்னாடி வெள்ளி பூசியிருக்கு, அதனால உருவம் தெரியாதுன்னு ஒரு விளக்கம் சொல்லுவாங்க. சரி, ஆனா இன்னிக்கு அலுமினியம் பூசின கண்ணாடி எவ்வளவோ இருக்கு, அதுல தெரிவாளா? போன் கேமரால? சிசிடிவில? நகரத்துல நடக்கிற கதைங்க இது, தெருவுக்குத் தெரு கேமரா, முகத்தைக் காட்டினாத்தான் போனே திறக்குது. கேமரால விழாதவ வீடியோ கால்ல ஆபீஸ் மீட்டிங்ல எப்படி உக்காருவான்னு எழுதிப் பாருங்க, கதை தானா நகரும்.

ரத்தக் கணக்குல விடற தப்புக்கு வருவோம். வயசுவந்த ஒருத்தர் உடம்புல சுமாரா 5 லிட்டர் ரத்தம் இருக்கு. 750 மில்லி வரைக்கும் போனா ஆரோக்கியமான ஆள் பெரும்பாலும் தாங்கிடுவாரு, 2 லிட்டரைத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. ஹீரோயின் "கொஞ்சமா குடிச்சா"ன்னு எழுதறப்ப எவ்வளவு, கடிபட்டவர் அடுத்த நாள் எப்படி இருக்காருன்னு தெரிஞ்சு எழுதுங்க. கடிபட்டவங்க எல்லாரும் காட்டேரியாகிடுவாங்கன்னு விதி வச்சா இன்னும் பெரிய ஓட்டை, ஒரே ஒரு காட்டேரில ஆரம்பிச்சு ஆளுக்கு மாசம் ஒருத்தரை மாத்தினாலும் ஒவ்வொரு மாசமும் ரெண்டு மடங்காகும், 33 மாசத்துல 850 கோடியைத் தாண்டிடும், பூமில அத்தனை மனுஷங்களே இல்ல. அதனால மாத்தறதுக்கு ஒரு கஷ்டமான வழி வேணும், அது ஏன் இவளுக்கு நடந்துச்சுன்னும் காரணம் வேணும்.

"பிளட் பேங்க்ல இருந்து எடுத்துக்கிட்டா"ங்கறதும் ரொம்ப சுலபமா போட்டுடறாங்க. சிவப்பணு இருக்கிற பையை 2ல இருந்து 6 டிகிரி செல்சியஸ்லதான் வைக்கணும், அதிகபட்சம் 42 நாள்தான் தாங்கும், உறையாம இருக்க சிட்ரேட் கலந்திருப்பாங்க, ஒவ்வொரு பைக்கும் நம்பர் உண்டு, ஒண்ணு காணாமப் போனா யாராவது கணக்குக் கேப்பாங்க. அந்தப் பை இல்லாம ஆபரேஷன் தள்ளிப்போன நோயாளி ஒருத்தர் இருக்காருன்னு அவளுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும்? பசி தீர்ற இடமெல்லாம் கெட்டவன் ஒருத்தன் தயாரா வந்து நிக்கிறதும் இதே சோம்பேறித்தனம்தான். முதல் தடவை அவ கடிக்கிற ஆள் நல்லவரா இருக்கட்டும், அவளுக்குத் தெரிஞ்சவரா இருந்தா இன்னும் நல்லது.

எனக்கு ரொம்பக் கோவம் வர்ற தப்பு வேற. அவளை மாத்தினவனே ஹீரோ, கேக்காமயே மாத்திட்டான், அஞ்சாவது அத்தியாயத்துல அவன் கண்ணைப் பாத்து அவ உருகிடறா. அவளோட வெயிலை, சாப்பாட்டை, வேலையை, பொறக்க வேண்டிய குழந்தையை எல்லாம் ஒருத்தன் ஒரே ராத்திரில எடுத்துட்டான், அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல, இதைப் பத்தி அவளுக்கு ஆத்திரமே வராதா? செத்துக்கிட்டிருந்தா, காப்பாத்தத்தான் செஞ்சேன்னு அவன் சொல்லலாம், அது உண்மையாவே இருக்கலாம், இருந்தாலும் அந்த வாழ்க்கை அவளுது. காதல் வரவே கூடாதுன்னு சொல்லல. அந்தக் கோவம் முழுசா வெளிய வந்து, அவன் அதைக் கேட்டு, பதில் சொல்ல முடியாம நின்னதுக்கு அப்புறம் வரட்டும். இதே ஆளு ரெண்டு பக்கத்துக்குக் காட்டேரி வரலாறு, குலம், சபை, தடைன்னு பாடம் எடுக்கறதையும் வெட்டிடுங்க. அவ தப்பு பண்ணி, சுட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணா தெரிஞ்சுக்கட்டும், நாமும் அவளோடயே தெரிஞ்சுக்கிறோம்.

நகரத்தைப் பேருக்கு மட்டும் வைக்காதீங்க. ஊர் எங்க இருக்குங்கறதே அவ விதியை மாத்தும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல வருஷம் முழுக்க ராத்திரி கிட்டத்தட்ட 12 மணி நேரம், அதுவே லண்டன்ல ஜூன் மாசம் நடுவுல சூரியன் மறைஞ்சு உதிக்கிறதுக்குள்ள ஏழரை மணி நேரம் கூட இல்ல. கடைசி பஸ், வாடகை, பகல்ல மட்டும் திறக்கிற ஆபீஸ், மத்தியானம் கதவைத் தட்டற வீட்டு ஓனர், இதெல்லாம்தான் வில்லனை விட அவளை அதிகமா நெருக்கும்.

அப்புறம் காலம். முதல் நாவல்ங்கறதால நிறைய பேர் இதைத் தொடறதே இல்ல. அவளுக்கு 24, தங்கச்சிக்கு 19ன்னு வச்சுக்கோங்க. அஞ்சு வருஷத்துல ரெண்டு பேருக்கும் ஒரே வயசு முகம், ஆறாவது வருஷம் தங்கச்சி பெரியவ ஆயிடுவா. அப்பவும் அவளை அக்கான்னு கூப்பிடுவாளா, கூப்பிடறப்ப குரல் எப்படி இருக்கும்? கதை ஒரே வருஷத்துல முடிஞ்சாலும், ஒரு ராத்திரி தங்கச்சி தூங்கறதைப் பாத்துக்கிட்டே அவ இந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கற பக்கம் உங்க டிராஃப்ட்ல இருக்கான்னு தேடிப் பாருங்க, இல்லன்னா அங்க இருந்து மறுபடி எழுத ஆரம்பிங்க.