கடைசி எபிசோடுக்கு ரியாக்‌ஷன் வீடியோ எடுக்கது எப்படி? நம்ம நாரோயில் வீட்டு ஹால்லயே, ஒரு போன வெச்சு

பேண்டஸி சீரிஸ் ஒண்ணு முடியப்போகுது, கூட்டாளிங்க எல்லாரும் ஒரு வீட்ல கூடி பாக்கப்போறீங்க, பாக்கும்போது உங்க முகம் எப்படி மாறுது, என்ன பேசுதீங்கங்கத அப்படியே எடுத்து யூடியூப்ல போடணும்னு ஆசை, ஆனா கைல இருக்கது ஒரு போனு மட்டும். அப்படிப்பட்டவங்களுக்குத்தான் மக்களே இது. ரிங் லைட்டு, பெரிய கேமரா ஒண்ணும் வேண்டாம். உதாரணத்துக்கு கேம் ஆஃப் த்ரோன்ஸ், அதாவது ஒரு சிம்மாசனத்துக்காக பல குடும்பங்க அடிச்சுக்கிடுத அமெரிக்க சீரிஸ், அதோட கடைசி எபிசோட எடுத்துக்கிடுதேன், ஏன்னா ஒரு முடிவுக்கு ரசிகருங்க இத்தன விதமா சண்ட போட்டத நான் வேற எங்கயும் பாக்கல. 2019-ல முடிஞ்சது, அதனால கதைய ஒளிச்சு வெக்கமாட்டேன், இன்னும் பாக்காதவங்க இங்கயே நிப்பாட்டிட்டு பாத்துட்டு வாங்க. அதோட முன்கதையான ஹவுஸ் ஆஃப் தி டிராகனும் நாலாவது சீசனோட முடியும்னு அத எடுக்கவங்களே சொல்லிட்டாங்க, அன்னைக்கும் இது உதவும்.

ஸ்டெப் 1: நேரத்த முடிவு பண்ணுங்க

அமெரிக்கால ஞாயித்துக்கிழம ராத்திரி 9 மணின்னா நமக்கு திங்கக்கிழம காலைல 6.30. அங்க குளிர்காலம்னா ஒரு மணிக்கூர் தள்ளி 7.30 ஆயிரும். த்ரோன்ஸ் கடைசி எபிசோடு 2019 மே 20 காலைல ஆறரைக்கு ஹாட்ஸ்டார்ல வந்துது, கிட்டத்தட்ட 80 நிமிஷம். காலைலயே பாத்தா நல்லதுதான், யாரும் கதைய ஒடைக்க முடியாது. ஆனா நம்ம ஊர் ஆறரை எப்படி இருக்கும்னு தெரியும்லா, ஒரு பக்கம் கோயில் ஸ்பீக்கரு, இன்னொரு பக்கம் சர்ச் மணி, நடுவுல மீன்காரர் வண்டி ஹாரன், இது எல்லாம் உங்க வீடியோல அழகா பதிஞ்சிரும். ரோட்டப் பாத்த ரூம விட்டுட்டு உள் ரூம புடிங்க.

வேலைக்குப் போறவங்க இருந்தா ராத்திரிதான் வழி. அப்போ பகல் முழுக்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பக்கமே போவாதீங்க, பெங்களூர்ல இருக்க உங்க கிளாஸ்மேட் ஒருத்தன் கண்டிப்பா "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு ஒரு படத்தோட போட்டிருப்பான். மழ சீசன்னா இன்வெர்ட்டர் சார்ஜ பாத்துக்கிடுங்க, மோடத்தையும் அதுல மாட்டுங்க. டிவி ஓடும், நெட் இருக்காது, அது பெரிய எழவு.

ஸ்டெப் 2: யார உக்கார வெக்கது

மூணு நாலு பேரு போதும். எல்லாரும் ஒரே மாதிரி வெறியனா இருந்தா வீடியோ சப்புனு இருக்கும், எல்லாரும் ஒரே எடத்துல கத்துவான், ஒரே எடத்துல திட்டுவான். புக்கு படிச்சவன் ஒருத்தன், சீரிஸ் மட்டும் பாத்தவன் ஒருத்தன், ஒண்ணுமே தெரியாத ஒருத்தர். இந்த மூணாவது ஆள விட்டுராதீங்க.

எங்க வீட்ல அது சித்தி. டனேரிஸ்ங்கிற ராணிய ஜான்ங்கிறவன் குத்திக் கொன்னுட்டான், அவ பிள்ளையா வளத்த டிராகன் வந்து சிம்மாசனத்த உருக்குது, அந்த எடத்துல நாங்க எல்லாம் வாயப் பொளந்துட்டு இருக்கோம், சித்தி கட்டஞ்சாயாவும் ரசவடையும் கொண்டு வந்து வெச்சிட்டு டிவிய பாத்தாவ. கொஞ்ச நேரம் நின்னுட்டு "கொன்னவன் பக்கத்துல நிக்கான், அவன விட்டுட்டு அது எதுக்கு கசேரைய எரிக்கு?"ன்னு ஒரே கேள்வி. ஒருத்தனுக்கும் பதில் வரல. அந்த டிராகனுக்கு அந்த நாற்காலிதான் தன் அம்மாவக் கொன்னதுன்னு புரிஞ்சுதா, இல்ல சும்மா கோவத்துல நெருப்ப விட்டப்ப வழில அது இருந்துதான்னு ரசிகருங்க இன்னும் அடிச்சுக்கிடுதாவ. சித்தி ஒரு எபிசோடு கூட பாக்காம அங்க வந்து நின்னுட்டாவ.

வந்த எல்லார்ட்டயும் முன்னாடியே கேட்டுருங்க, வீடியோ வெளிய போகும், பரவால்லயான்னு. வேண்டாம்னா கேமராவுக்கு வெளிய உக்கார வைங்க. சின்னப் பிள்ளைங்கள இந்த சீரிஸுக்கு உக்கார வெக்கவே வேண்டாம்.

ஸ்டெப் 3: போன எங்க வெக்கது

புதுசா எடுக்கவங்க போன பக்கவாட்டுல வெப்பாங்க, எல்லார் காதும்தான் தெரியும். முகம் வேணும்னா போனு டிவிக்கு பக்கத்துல, உக்காந்திருக்கவங்க கண்ணு மட்டத்துல, அவங்களப் பாத்து இருக்கணும். ஸ்டாண்டு இல்லேன்னா டிவி மேசைல ரெண்டு பழைய நோட்ட அடுக்கி சாச்சு வைங்க. படுக்க வாக்குலதான் எடுக்கணும், நிமுத்தி வெக்காதீங்க.

லைட்ட அணைச்சிட்டு தியேட்டர் மாதிரி பாக்கணும்னு எவனாவது சொல்லுவான், விடாதீங்க. டிவி வெளிச்சத்துல மட்டும் எடுத்தா சீன் மாற மாற முகம் பளிச்சுன்னும் கருப்பாவும் மாறிட்டே கெடக்கும். த்ரோன்ஸ் எட்டாவது சீசன் மூணாவது எபிசோடு முழுக்க ராத்திரி சண்ட, ஒண்ணுமே தெரியலன்னு உலகமே திட்டிச்சே, அந்த எபிசோட லைட் அணைச்ச ரூம்ல ரியாக்‌ஷன் எடுத்தா வெறும் கருப்புதான் மிஞ்சும். ஒரு லைட்டு டிவி பக்கத்துலருந்து ஆளுங்க மேல விழட்டும்.

லென்ச துடைங்க. ஏரோபிளேன் மோட் போடுங்க, இல்லேன்னா சரியா கிளைமாக்ஸ்ல மாமா கூப்பிடுவாரு. 1080 குவாலிட்டில எடுத்தா நிமிஷத்துக்கு 100 எம்பி பக்கம் போவும்னு வெச்சுக்கிட்டு, பேச்சையும் சேத்து ஒரு 15 ஜிபி காலி பண்ணி வைங்க. சார்ஜர் குத்தியே இருக்கட்டும்.

ஸ்டெப் 4: சத்தம்

இன்னொரு போன்ல ரெக்கார்டர ஆன் பண்ணி, ஆளுங்களுக்கு நடுவுல டீப்பாய்ல வைங்க. ரெண்டு போனும் ஓட ஆரம்பிச்சதும் கேமரா முன்னாடி ஒருதடவ பட்டுனு கைதட்டுங்க, எடிட் பண்ணும்போது அந்த கைதட்டு சத்தத்த ரெண்டு ஃபைல்லயும் ஒண்ணுக்கு நேரா ஒண்ணு வெச்சா எல்லாம் சேந்துக்கிடும். ஃபேன முடிஞ்ச அளவு கொறைங்க. டிவி சவுண்டையும் கொறைச்சு வைங்க, காரணம் ஆறாவது ஸ்டெப்ல வருது. நேந்திரங்கா சிப்ஸ் பாக்கெட்ட ரெக்கார்டர் பக்கத்துல வெக்காதீங்க, கேக்கவனுக்கு முழு எபிசோடும் கறுக் முறுக்குதான்.

ஸ்டெப் 5: முடிஞ்சதும் ரெக்கார்டிங்க நிறுத்தாதீங்க

இதுதான் முக்கியம், மத்தது எல்லாம் கூடக் கொறைய இருந்தாலும் ஓடிரும். நெறைய ஆளுங்க, கடைசில நடிச்சவங்க பேரு ஓட ஆரம்பிச்சதும் போய் ஸ்டாப்ப அமுக்கிருதான். ஆனா உண்மையான ரியாக்‌ஷன் அதுக்கப்புறம்தான் வரும். மொதல்ல ஒருத்தனும் பேசமாட்டான், ஒருத்தன் போன எடுப்பான், ஒருத்தன் சீலிங்கப் பாப்பான், அப்புறம் ஒருத்தன் மெதுவா ஆரம்பிப்பான் பாருங்க. குறைஞ்சது அர மணிக்கூர் ஓடட்டும்.

பேச்சு நின்னா நீங்க கேள்வி போடுங்க. "எப்படி இருந்துது"ன்னு கேட்டா "கொள்ளாம்", "வேஸ்ட்டு" இதுக்கு மேல வராது. முடிவு புடிக்கலயா, இல்ல முடிவுக்கு வந்த விதம் புடிக்கலயான்னு பிரிச்சு கேளுங்க. த்ரோன்ஸ்ல சண்டையே இதுதான். மொத ஆறு சீசனும் பத்து பத்து எபிசோடு, ஏழாவதுல ஏழு, எட்டாவதுல ஆறே ஆறு. டனேரிஸ் ஊர எரிச்சத ஏத்துக்கிட்டவங்க கூட, அவ அந்த நெலமைக்கு வந்தத ரெண்டு எபிசோடுல முடிச்சிட்டாங்களேன்னுதான் கொதிச்சாங்க. ஸ்டார்க் குடும்பத்துப் பையன் பிரான் கடைசில ராஜா ஆனதும் அப்படித்தான், எனக்கு அவன் ராஜா ஆனது பிரச்சன இல்ல, ஒருத்தன் ஒரு பேச்சு பேசி அஞ்சு நிமிஷத்துல எல்லாரும் சரின்னு சொன்னதுதான் செரிக்கல. அவன் அக்கா சான்சாவுக்கு வடக்கு தனி நாடா கெடச்சதுக்கு மட்டும் எங்க ஹால்ல எதிர்ப்பே இல்ல.

இன்னொரு கேள்வி, யாருக்காக இத்தன வருஷம் பாத்தன்னு கேளுங்க. சான்சாவோட தங்கச்சி ஆர்யாவுக்காகப் பாத்தவனுக்கு அவ கப்பலேறி மேற்க போனது சந்தோஷம், ஜானுக்காகப் பாத்தவனுக்கு அவன திரும்பவும் வடக்க அனுப்புனது கடுப்பு. இப்படிப் பேசுனாத்தான் வெளிய இருந்து பாக்கவனுக்கும் ஒட்டும்.

கோவத்த அடக்கச் சொல்லாதீங்க, அதே சமயம் கோவம் மட்டும்தான் உண்மைன்னும் நெனைக்காதீங்க. அந்த சீசன திரும்ப எடுக்கச் சொல்லி 10 லட்சம் பேருக்கு மேல ஆன்லைன்ல கையெழுத்து போட்டாங்க, அதே 2019-ல அதே சீசனுக்கு சிறந்த டிராமா விருதையும் சேத்து 12 எம்மி, அதாவது அமெரிக்க டிவி விருது, குடுத்தாங்க. அதனால உங்க ஹால்ல ஒருத்தன் "எனக்கு புடிச்சிருக்கு"ன்னா அவன கத்தி அமுக்காதீங்க, அவனுக்கு ரெண்டு நிமிஷம் தனியா குடுங்க. வீடியோல அதுதான் நல்ல பகுதியா வரும்.

ஸ்டெப் 6: வெட்டுதது

மொத்தத்தையும் ஒருதடவ பாத்து, நல்ல எடத்துக்கு நிமிஷத்த பேப்பர்ல குறிங்க. 10 நிமிஷத்துக்குள்ள முடிங்க, அதுல பாதிக்கு மேல கடைசிப் பேச்சு இருக்கட்டும். நடிக்குத முகத்த மொதல்ல வெட்டுங்க, கேமராவ ஓரக்கண்ணால பாத்துட்டு வாயப் பொத்துவான் பாருங்க, அது.

காப்பிரைட் விஷயம். எபிசோடோட படமோ சத்தமோ நீளமா உங்க வீடியோல இருந்தா யூடியூப் மிஷினே கண்டுபுடிச்சிரும், வீடியோவ மறைக்கும், இல்லேன்னா விளம்பரக் காசு அவங்களுக்குப் போவும். அவங்க நேரடியா புகார் குடுத்து 90 நாளுக்குள்ள மூணு ஸ்ட்ரைக், அதாவது யூடியூப் எச்சரிக்கை, விழுந்தா சேனலே காலி. நம்ம 1957 காப்பிரைட் சட்டத்துல விமர்சனத்துக்காக நியாயமான அளவு எடுத்துக்கலாம்னு 52-வது பிரிவு இருக்கு, ஆனா மிஷினு சட்டம் படிக்காது. புதுசா ஆரம்பிக்கவங்க எபிசோட காட்டவே வேண்டாம், முகம் மட்டும் போதும், மூலைல "டிராகன் வந்த சீன்"னு எழுத்துல போடுங்க, பாத்தவனுக்குப் புரியும். டிவி சவுண்ட கொறைக்கச் சொன்னது இதுக்குத்தான்.

ஸ்டெப் 7: போடுதது

தலைப்புலயும் முன்படத்துலயும் (தம்ப்நெயில்) யாரு செத்தான்னு போடாதீங்க, அது ரொம்ப சின்னத்தனம். வீடியோ ஆரம்பத்துல அஞ்சு செகண்டு எச்சரிக்கை வைங்க. கமெண்ட்ல ரசிகருங்க நுணுக்கமா புடிப்பாங்க, நாலாவது எபிசோடுல மேசைல கெடந்த காபி கப்பையும் கடைசி எபிசோடுல கால் பக்கத்துல இருந்த தண்ணி பாட்டிலையும் கண்டுபுடிச்ச கூட்டம் அது, உங்க ஹால் காலண்டர் போன மாசத்துலயே நிக்குதுன்னும் சொல்லுவான். பதில் போடுங்க, திட்டுனவனுக்கு மட்டும் போடாதீங்க. வெட்டாத முழு ஃபைல ஒரு ஹார்ட் டிஸ்க்ல மாத்திட்டு போன காலி பண்ணுங்க, யாராவது "என் முகத்த எடுத்துரு"ன்னு பெறவு சொன்னா திரும்ப வெட்ட அது வேணும்.