விமான மாதிரியின் கண்ணாடி மூடியை வெண்படலம் இல்லாமல் ஒட்டுவது எப்படி?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரியில் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களுடன் 222ஆவது படைப்பிரிவு செயல்படத் தொடங்கியது. தலைக்கு மேல் பறக்கும் அந்த விமானத்தின் மாதிரியைச் செய்து பார்க்க இங்குள்ள பிள்ளைகள் ஆசைப்படுவது இயல்பு. சுமார் 22 மீட்டர் நீள விமானம் 1/72 அளவில் 30 சென்டிமீட்டர்தான் வரும். கையில் எடுப்பவரின் கண் முதலில் போவது விமானிகள் இருவரின் இருக்கைகளை மூடும் கண்ணாடி மூடிக்குத்தான். அதை ஒட்டும் வேலையில் பசையின் பலத்தைவிடப் பிளாஸ்டிக்கின் தெளிவே முக்கியம்.

எந்தப் பசை வேண்டாம் என்பதை முதலில் பார்ப்போம். கிட்டின் (மாதிரி செய்யும் பாகங்கள் அடங்கிய பெட்டியின்) மற்றப் பாகங்களுக்குப் பயன்படும் பாலிஸ்டைரீன் சிமெண்ட் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைப்பது. தெளிவான பாகத்தில் ஒரு சொட்டு வழிந்தாலும் வடு நிலைத்துவிடும். சூப்பர் குளூ இன்னும் மோசம். அது ஈரத்தால் இறுகும் பசை. அதன் ஆவி கண்ணாடிமேல் படிந்து, ஈரத்தோடு சேர்ந்து வெண்படலமாகிவிடும். விரல் பட்ட இடத்தில் ரேகையே வெள்ளையாக எழும்பும். தடயவியல் துறையினர் கைரேகை எடுப்பதும் இதே ஆவியை வைத்துத்தான். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே வாழும் நமக்குக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கையைச் சூப்பர் குளூவால் ஒட்டிவிட்டு உடனே மூடினாலும் இதே கதிதான். ஒரு நாள் முழுக்கத் திறந்து வையுங்கள்.

நமக்கு ஏற்றது தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பெவிகால்.

மூடியை ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது சற்றுத் தள்ளி வெட்டி, மிச்சத்தை மெல்லிய அரத்தால் தேயுங்கள். தெளிவான பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் எளிதில் விரிசல் விடும். மூடிக்கு மிக நெருக்கமாக வெட்டினால் விரிசல் உள்ளே ஓடிவிடும். பிறகு பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த நீரில் கழுவி, துணியால் அழுத்தித் துடைக்காமல் காற்றில் உலரவிடுங்கள். இனி ஓரத்தை மட்டும் பிடியுங்கள்.

பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இடித்தால் விமான உடலின் விளிம்பைத் தேயுங்கள், மூடியைத் தொடாதீர்கள். உள்ளே தூசி இல்லையென்று உறுதி செய்துகொண்டு, ஒரு சொட்டுப் பெவிகாலில் துளி நீர் கலந்து, பல்குச்சியால் உடலின் விளிம்பில் மெல்லிய கோடாக இழுங்கள். மூடியை வைத்து லேசாக அழுத்துங்கள். பிதுங்கிய பசையை நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம். மாஸ்கிங் டேப்பால் இருபுறமும் பிடித்து வையுங்கள். முதலில் வெள்ளையாகத் தெரிந்தால் கலங்க வேண்டாம். நீர் வற்ற வற்றத் தெளியும். கோடையில் ஓர் இரவு போதும், அடைமழையில் இரண்டு நாள் விடுங்கள். சிறு இடைவெளி தெரிந்தால் அதே பசையால் நிரப்பலாம்.

மூடியைத் திறந்த நிலையில் வைக்க விரும்பினால் அது ஓரிரு புள்ளிகளில்தான் உடலைத் தொடும். அங்கே பெவிகால் தாங்காது. இரண்டு குழாய்களில் வரும் தெளிவான எபாக்சிப் பசையைச் சம அளவில் கலந்து, ஊசிமுனையளவு வையுங்கள். அது வெண்படலம் உண்டாக்காது. ஆனால் வெயிலில் நாளடைவில் மஞ்சளாகும் என்பதால் கண்ணில் படாத இடத்தில் இருக்கட்டும். மூடியின் உட்புறம் ஒட்டவேண்டிய பின்நோக்கிக் கண்ணாடி போன்ற நுண்ணிய பாகங்களுக்குப் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷ் ஒரு துளி போதும்.

ஏற்கெனவே வெண்படலம் விழுந்துவிட்டதா? வெளிப்புறம் என்றால் 2000 எண் உப்புத்தாளை நீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, பிறகு மென்மையான துணியில் பற்பசை தொட்டு மெருகேற்றுங்கள். உட்புறம் என்றால் மூடியைக் கழற்றித்தான் ஆகவேண்டும். பெவிகாலால் ஒட்டியிருந்தால் இணைப்பில் ஈரப்பஞ்சை வைத்துப் பொறுத்திருங்கள், பசை இளகி மூடி தானாகக் கையோடு வரும்.